புவி மேலோட்டின் உருமாற்றத்தை அளப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள ஜி.பி.எஸ். நிலையம் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து தன் இருப்பிடத்தைப் பதிவு செய்து வருகிறது. அந்தப் பதிவின்படி பெங்களூரு ஆண்டுக்கு ஏறத்தாழ 42 மி.மீ. கிழக்கு நோக்கியும் 35 மி.மீ. வடக்கு நோக்கியும் நகர்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வடகிழக்குத் திசையில் ஆண்டுக்கு ஐந்தரை சென்டிமீட்டர் ஆகும். இவ்வளவு நகர்ந்தும் அங்குள்ள நிலம் ஏறக்குறைய உருமாறாமலே இருக்கிறது என்பதுதான் இத்துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி. சுமார் 500 கி.மீ. வடக்கே உள்ள ஹைதராபாத் நிலையமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில், அதே திசையில் செல்கிறது. ஓடும் ரயிலில் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவரைப் போல, இரு நகரங்களும் ஒரே புவித்தட்டின்மேல் சேர்ந்து பயணம் செய்கின்றன. அவற்றுக்கு இடையிலான தூரம் மாறுவதில்லை.

நகர்வு வேறு, உருமாற்றம் வேறு. அருகருகே உள்ள இரு புள்ளிகள் வெவ்வேறு வேகத்தில் நகரும்போதுதான் அவற்றுக்கு இடையிலுள்ள பாறை சுருங்கவோ, நீளவோ, சறுக்கவோ வேண்டியதாகிறது. ஆகவே ஒரு நிலையத்தின் திசைவேகத்தை எங்கே கண்டாலும், "இது எதைச் சார்ந்த வேகம்?" என்று கேட்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கான விடையைத் தேடியே அமைகிறது. இந்தியாவும் இமயமும் சேர்ந்த பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். உருமாறாத நிலமும் வேகமாக உருமாறும் நிலமும் ஒரே வரைபடத்தில் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரியும் இடங்கள் உலகில் அதிகமில்லை.

தொடங்குவதற்குத் தேவையானவை ஒரு கணினி, இணைய இணைப்பு, எக்செல் போன்ற ஒரு விரிதாள் மென்பொருள் ஆகியவை மட்டுமே. பைத்தான் தெரிந்தால் வேலை விரைவாக முடியும். தெரியாவிட்டாலும் முதல் சில படிகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

கருவி எதை அளக்கிறது என்று முதலில் அறிதல்

நிலத்தின் நகர்வை அளக்கும் முயற்சி செயற்கைக்கோள்களுக்கு வெகு காலம் முந்தியது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலியால் அளந்த அடிக்கோட்டிலிருந்து (முக்கோணங்களுக்கு அடிப்படையான, நேரடியாக நீளம் அளந்த கோடு) இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவை வளர்ந்தது. அவ்வகையில் நிறுவப்பட்ட புள்ளிகளை நிலநடுக்கத்துக்குப் பிறகு மீண்டும் அளந்து, பழைய அளவோடு ஒப்பிட்டே அக்காலத்தில் நிலத்தின் உருமாற்றத்தைக் கண்டறிந்தார்கள். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட முக்கோண அளவைகளைக் கொண்டுதான் ஹாரி ரீட் மீள்தன்மை எழுச்சிக் கோட்பாட்டை உருவாக்கினார். பிளவின் இருபுறமும் உள்ள பாறை பல்லாண்டுகளாக மெல்ல வளைந்து, தாங்க முடியாத நிலையில் பிளவு சறுக்க, வளைந்த பாறை சட்டென நிமிர்கிறது என்பது அதன் சாரம். இன்றைய கருவிகள் அனைத்தும் அந்த வளைவையும் அந்த நிமிர்வையும் முன்னைவிட நுட்பமாகக் காட்டுகின்றன.

கைபேசியில் உள்ள ஜி.பி.எஸ். சில மீட்டர் பிழையோடு இடத்தைச் சொல்லும்போது, நில அளவைக் கருவி எப்படி மில்லிமீட்டரை எட்டுகிறது என்பது நியாயமான ஐயம். கைபேசி பெரும்பாலும் செயற்கைக்கோள் அனுப்பும் குறியீடு வந்து சேரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. நில அளவைக் கருவியோ, அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் ரேடியோ அலையின் கட்டத்தையே, அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே, பின்தொடர்கிறது. அந்த அலையின் நீளம் சுமார் 19 செ.மீ.; அதில் நூற்றில் ஒரு பங்கைப் பிரித்தறிந்தாலே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடலாம். அயனி மண்டலம் ஏற்படுத்தும் தாமதம் அலைவெண்ணைப் பொறுத்து மாறுவதால், இரண்டு அலைவெண்களில் அளந்து அதைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். இவற்றோடு, செயற்கைக்கோளின் துல்லியமான பாதை, அதன் கடிகாரப் பிழை, காற்றிலுள்ள ஈரப்பதம், நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் திடமான நிலமே நாள்தோறும் 30 செ.மீ. வரை ஏறி இறங்கும் புவி ஓதம் ஆகிய அனைத்தையும் கணக்கில் கொண்ட பிறகே ஒரு நாளுக்கு ஓர் இருப்பிடம் என்ற எண் கிடைக்கிறது. கிடைமட்டத்தில் இதன் பிழை ஓரிரு மில்லிமீட்டர். செங்குத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே மட்டும் இருப்பதும், காற்றின் தாமதம் உயரத்தோடு எளிதில் கலந்துவிடுவதும் இதற்குக் காரணங்கள்.

முதல் படி: ஆயத்தத் தரவைப் பதிவிறக்கி வரைதல்

சொந்தமாகக் கருவி வாங்குவது பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் இயங்கும் நெவாடா புவியளவை ஆய்வகம், உலகெங்கும் உள்ள பல்லாயிரம் நிலையங்களின் நாள்வாரி இருப்பிடங்களைக் கணக்கிட்டு யாரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு எழுத்துக் குறி உண்டு. பெங்களூருவின் குறி ஐ.ஐ.எஸ்.சி.; திபெத்தின் லாசாவின் குறி எல்.எச்.ஏ.இசட்.; காட்மண்டுவுக்கு வடக்கே மலையுச்சியில் உள்ள காகனி நிலையத்தின் குறி கே.கே.என்.4. இந்த மூன்றோடு ஹைதராபாத்தையும் சேர்த்து நான்கு கோப்புகளைப் பதிவிறக்குங்கள்.

கோப்பைத் திறந்ததும் பத்துக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள் தெரியும். தசம வடிவில் உள்ள ஆண்டு, கிழக்கு, வடக்கு, உயரம் ஆகிய நான்கும் அவற்றின் பிழை மதிப்புகளும் போதும். இருப்பிடங்கள் மீட்டரில் தரப்பட்டிருக்கும். முழு மீட்டர் ஒரு நெடுவரிசையிலும் எஞ்சிய பின்னம் அடுத்ததிலும் இருப்பதால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இவ்வாறு கூட்டாமல் பின்னத்தை மட்டும் வரைந்தால், எங்கோ ஓரிடத்தில் ஒரு மீட்டர் பொய்த்தாவல் தோன்றக்கூடும். எல்லா மதிப்புகளிலிருந்தும் முதல் நாளின் மதிப்பைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்கி மில்லிமீட்டராக்கி, ஆண்டைக் கிடை அச்சிலும் இருப்பிடத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளிகளாக வரையுங்கள். புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டாம். இணைத்தால் தரவில் உள்ள இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எந்தக் குறிப்பாயத்தில் (இருப்பிடத்தை எதைச் சார்ந்து அளக்கிறோமோ அந்த ஆயச் சட்டகத்தில்) கோப்பு தரப்பட்டிருக்கிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். உலகளாவிய குறிப்பாயம் என்பது உலகெங்கும் உள்ள நிலையங்களை ஒன்றாக இணைத்து, புவியின் நிறை மையத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு அமைக்கப்படுவது. அதிலிருந்து பார்க்கும்போது எல்லாத் தட்டுகளும் நகரும். ஒரு குறிப்பிட்ட தட்டை அசையாததாக வைத்துப் பார்க்கும் குறிப்பாயங்களும் உண்டு. இரு வேறு குறிப்பாயங்களில் உள்ள எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது இத்துறையில் அடிக்கடி நேரும் தவறு.

இரண்டாம் படி: கோட்டில் கலந்திருப்பவற்றைப் பிரித்தல்

வரைந்த படத்தில் நான்கு வகை அசைவுகள் கலந்திருக்கும்: நீண்ட காலச் சாய்வு, ஆண்டுதோறும் வந்து போகும் அலை, திடீர்த் தாவல், தாவலுக்குப் பின் வரும் வளைவு. பாறையின் கதை இந்த நான்கிலும் ஒரே அளவில் இல்லை.

ஆண்டு அலையை முதலில் பாருங்கள். காகனியின் உயரத் தொடரில், மழைக்காலத்தின் இறுதியில் நிலம் தாழ்ந்தும் அதற்கு முந்தைய வறண்ட மாதங்களில் உயர்ந்தும் இருப்பது தெரியும். கங்கைச் சமவெளியில் தேங்கும் மழைநீரின் எடையே மேலோட்டை ஓரிரு சென்டிமீட்டர் அழுத்துகிறது. நீர் வடிந்ததும் நிலம் மீள்கிறது. உண்மையான நில அசைவுதான் இது. ஆனால் புவித்தட்டு விசையால் வருவதன்று. இதை அறியாமல், ஜூனில் தொடங்கி அக்டோபரில் முடியும் தொடரை வைத்துக்கொண்டு "காட்மண்டு தாழ்கிறது" என்று முடிவு கட்டிவிடலாம். இரண்டரை ஆண்டுகளுக்குக் குறைவான தொடரிலிருந்து திசைவேகம் கணிக்கக் கூடாது என்ற நடைமுறை விதி இதனால்தான் ஏற்பட்டது.

தாவல்களில் இரண்டு வகை உண்டு. ஆன்டெனாவை மாற்றினால் வரும் தாவல் கருவியைச் சார்ந்தது. நிலநடுக்கத்தால் வரும் தாவல் நிலத்தைச் சார்ந்தது. ஆய்வகமே ஒவ்வொரு நிலையத்துக்கும் கருவி மாற்றிய நாள்களையும் அருகில் நேர்ந்த பெரிய நிலநடுக்க நாள்களையும் தனிக் கோப்பில் பட்டியலிட்டிருக்கிறது. தாவலைக் கண்டதும் வியப்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

பெங்களூருவின் கிழக்குத் தொடரில் 2004 டிசம்பர் 26-ஐத் தேடிப் பாருங்கள். சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடியில் பிளவு சறுக்கிய அந்த நாளில், நிலநடுக்க மையத்திலிருந்து 2,000 கி.மீ.க்கும் அப்பால் இருந்த தென்னிந்தியா ஒரு சென்டிமீட்டர் அளவில் கிழக்கே இழுக்கப்பட்டது. தமிழகக் கரையில் அன்று காலை சுனாமி வந்து சேர்வதற்கு முன்பே நம் காலடி நிலம் அசைந்து முடிந்திருந்தது. பிளவுக்கு அருகே மாற்றம் கருவியின்றியே தெரியும் அளவுக்குப் பெரியது. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததால் சிப்பிகாட் பகுதியின் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. வட அந்தமானின் மேற்குக் கரையிலோ நிலம் உயர்ந்ததால் பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து மடிந்தன. கடல்மட்டத்தோடு ஒட்டி வாழும் பவளமும் அலையாத்தியும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்யும் அளவுகோல்கள் என்பதை நில அளவைக்காரர்கள் உணர்ந்து பயன்படுத்தி வருகிறார்கள். போர்ட் பிளேர் அந்த நாளோடு நிற்கவும் இல்லை; தொடர்ந்து பல மாதங்கள், குறைந்துகொண்டே வரும் வேகத்தில் தென்மேற்கு நோக்கி நகர்ந்தது. தாவலுக்குப் பின் வரும் வளைவு என்று மேலே சொன்னது இதையே.

சாய்வைக் கணிக்க இரண்டு வழிகளைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, தரவுக்கும் பொருத்தும் கோட்டுக்கும் உள்ள விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் மீச்சிறு வர்க்க முறை: ஒரு மாறிலி, காலம், ஓராண்டு அலைக்கான சைன், கொசைன், ஒவ்வொரு தாவலுக்கும் அந்த நாளுக்கு முன் 0, பின் 1 என்ற ஒரு நெடுவரிசை என்று விரிதாளில் அமைத்துப் பொருத்திவிடலாம். இரண்டாவது வழி இன்னும் எளிது. தொடக்கநிலையில் அதையே நான் விரும்புகிறேன். சரியாக ஓராண்டு இடைவெளி உள்ள நாள்களை இணை இணையாக எடுத்து, ஒவ்வோர் இணைக்கும் நகர்வைக் கணக்கிட்டு, கிடைக்கும் எல்லா மதிப்புகளின் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுக்க வேண்டும். ஓராண்டு இடைவெளியால் பருவ அலை தானே நீங்கிவிடும்; நீண்ட தொடரில் ஓரிரு தாவல்கள் இடைநிலையை அதிகம் அசைக்காது. நெவாடா ஆய்வகம் வெளியிடும் திசைவேகங்களும் இந்த எண்ணத்தின் செம்மைப்படுத்திய வடிவில்தான் கணிக்கப்படுகின்றன. ஆகவே உங்கள் விடையை அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மீச்சிறு வர்க்க முறை தரும் பிழை வரம்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். இன்றைய பிழையும் நாளைய பிழையும் ஒன்றையொன்று சாராதவை என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அவை தொடர்புடையவை. அதனால் மெய்யான நிச்சயமின்மை அது சொல்வதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்.

மூன்றாம் படி: வேறுபாட்டைக் காணுதல்

பெங்களூரு ஆண்டுக்கு 35 மி.மீ. வடக்கே செல்ல, லாசா 15 மி.மீ. அளவே வடக்கே செல்கிறது. பின்னால் வருபவர் முன்னால் செல்பவரைவிட 20 மி.மீ. விரைவாக வருகிறார், இடையில் இருப்பது இமயம். இந்தியத் தட்டு முன்னேறும் வேகத்தில் இவ்வளவு பங்கு இந்த மலைத்தொடரில் மடிந்து சேர்கிறது.

இந்தக் கழித்தலில் ஒரு நுட்பக் குறை உண்டு. உருண்டையான புவியில் பெங்களூருவின் வடக்கும் லாசாவின் வடக்கும் ஒரே திசையல்ல. ஆகவே முறையாகச் செய்ய விரும்புவோர், அதே ஆய்வகம் தரும் எக்ஸ், ஒய், இசட் ஆயங்களைப் பதிவிறக்கி, இரு நிலையங்களுக்கும் பொதுவான ஒவ்வொரு நாளுக்கும் அவற்றுக்கு இடையிலான நேர்கோட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். இந்த ஆயங்கள் லட்சக்கணக்கான மீட்டரில் இருப்பதால் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களையாவது விட்டுவிடாமல் வைத்திருங்கள். தூரத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: எந்தத் தட்டை அசையாததாக வைத்தாலும் அது மாறாது. பெங்களூரு–ஹைதராபாத் தூரம் ஏறக்குறையச் சமதளக் கோடாக வரும். பெங்களூரு–லாசா தூரம் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். ஆனால் 20 மி.மீ. குறையாது. அந்தக் கோடு மலைத்தொடருக்குச் சாய்வாகச் செல்வதும், திபெத்தின் நிலம் இந்தியாவைச் சார்ந்து கிழக்கு நோக்கியும் ஒதுங்குவதும் இதற்குக் காரணங்கள். ஒரு கோட்டில் அளக்கும் தூரம் அந்தத் திசையில் நேரும் மாற்றத்தை மட்டுமே காட்டும். முழு உருமாற்றத்தையும் அறிய, முக்கோணமாக அமைந்த மூன்று நிலையங்களாவது வேண்டும்.

தூர மாற்றத்தை மொத்தத் தூரத்தால் வகுத்தால் திரிபு கிடைக்கும். நேபாளத்தின் குறுக்கே ஆண்டுக்குச் சுமார் 18 மி.மீ. சுருக்கம், பெரும்பாலும் 100 கி.மீ. அகலமுள்ள பட்டையில் அடங்குகிறது. வகுத்தால் ஆண்டுக்கு நூறு கோடியில் 180 பங்கு. தென்னிந்தியாவில் 2001-இல் வெளியான ஜி.பி.எஸ். ஆய்வு ஒன்று, அங்கே திரிபு இருந்தால் ஆண்டுக்கு நூறு கோடியில் ஏழு பங்குக்கு மேல் இராது என்று வரம்பு கண்டது. அதாவது 100 கி.மீ.க்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே தட்டின் நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள வேறுபாடு இந்த இரு எண்களில் முழுமையாக அடங்கியிருக்கிறது.

நான்காம் படி: ரேடார் படத்தைப் படித்தல்

ஜி.பி.எஸ். ஒரு புள்ளியின் கதையை நாள்தோறும் சொல்லும். நிலையம் இல்லாத இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்த இடைவெளியை ரேடார் குறுக்கீட்டுப் படம் நிரப்புகிறது. செயற்கைக்கோள் ஒரே பாதையில் இரு வேறு நாள்களில் சென்று நிலத்திலிருந்து திரும்பும் அலையின் கட்டத்தைப் பதிவு செய்ய, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மலைமேடுகளால் வரும் பகுதியை நீக்கினால், இடைப்பட்ட காலத்தில் நிலம் எவ்வளவு நெருங்கியது அல்லது விலகியது என்பது வண்ண வளையங்களாகத் தெரியும். 1992-இல் கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் நிலநடுக்கத்தில் இது முதன்முதலாகப் பெரும் வெற்றி கண்டது.

ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் 5.6 செ.மீ. அலை போய்த் திரும்புவதால், ஒரு முழு வண்ணச் சுற்று அதில் பாதியை, அதாவது பார்வைக் கோட்டில் 2.8 செ.மீ. மாற்றத்தைக் குறிக்கும். 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தின் கோர்க்காவில் நேர்ந்த 7.8 அளவு நிலநடுக்கத்தின் படத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காட்மண்டுப் பகுதி சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது. அதற்கு வடக்கே உயர்மலைப் பகுதி தாழ்ந்தது. சாய்வாகப் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு ஒரு மீட்டர் உயர்வு ஏறத்தாழ 80 செ.மீ. ஆகத் தெரியும் என்று கொண்டால், கிடைமட்ட நகர்வைக் கணக்கில் சேர்க்காமலே 28 வளையங்கள் வரவேண்டும். விளிம்பிலிருந்து நடுநோக்கி எண்ணிக்கொண்டே செல்லுங்கள். இந்த எண்ணும் பயிற்சியைக் கணினி வண்ணம் தீட்டிய முடிவைப் பார்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒவ்வொரு வண்ணச் சுற்றிலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் கட்டத்தைத் தொடர் எண்ணாக மாற்றும்போது கணினி எங்கே தவறக்கூடும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

இங்கும் "எதைச் சார்ந்து?" என்ற கேள்வி விலகுவதில்லை. படத்தில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் நீங்கள் அசையாதது என்று தேர்ந்தெடுத்த ஒரு புள்ளியைச் சார்ந்தது. அந்தப் புள்ளி அசைந்திருந்தால் படம் முழுவதும் அவ்வளவு தவறும். அதோடு, இந்தச் செயற்கைக்கோள்கள் துருவங்களை ஒட்டிய பாதையில் சென்று பக்கவாட்டில் பார்ப்பதால், வடக்கு–தெற்கு நகர்வு அவற்றுக்கு மிகக் குறைவாகவே தெரியும். கோர்க்காவில் காகனி நிலையம் ஒன்றரை மீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்தது. அந்தப் பெரும் நகர்வை ரேடாரைக் காட்டிலும் ஜி.பி.எஸ். தொடரே நேராகச் சொல்கிறது. உங்கள் காகனி வரைபடத்தில் அந்த நாளைப் பார்த்தால் விளங்கும். தெற்கிலிருந்து வடக்கே செல்லும் பாதை, வடக்கிலிருந்து தெற்கே வரும் பாதை என இரண்டின் படங்களையும் சேர்த்தால், செங்குத்து நகர்வையும் கிழக்கு–மேற்கு நகர்வையும் ஓரளவு பிரித்தெடுக்கலாம்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது காற்றின் ஈரப்பதம். இரு நாள்களின் ஈரப்பத வேறுபாடே பல சென்டிமீட்டர் போலி உருமாற்றத்தைக் காட்டிவிடும். பருவமழை நாடுகளில் இது இன்னும் கடுமை. மாற்றம் மலைகளின் உயரத்தை அப்படியே பின்பற்றுகிறதா என்று பாருங்கள், பின்பற்றினால் ஐயப்படுங்கள். அதே இடத்தில், வேறு நாள்களைக் கொண்ட தனித்தனி இணைகளிலும் அதே வடிவம் வருகிறதா என்று சோதியுங்கள். வயல்களிலும் காடுகளிலும் படம் புள்ளிகளாகச் சிதறிப்போவது இயல்பு. இரு நாள்களுக்கு இடையில் இலையும் பயிரும் மாறிவிடுகின்றன. கட்டடங்களும் வறண்ட பாறையும் நன்றாக நிலைத்து நிற்கும். நீண்ட அலை இலைகளை ஊடுருவும் என்பதால், 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, 24 செ.மீ. அலைநீளமுள்ள ரேடாரையும் சுமக்கும் நைசார் செயற்கைக்கோள், காடு மூடிய மலைப்பகுதிகளுக்குப் பெரிதும் பயன்படும்.

மென்பொருளை நிறுவுவதில் முதல் மாதத்தைக் கழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் இரு படங்களை அவர்களின் கணினிகளே செயலாக்கித் தரும். பிரிட்டனின் கோமெட் மையம் உலகின் பல பிளவுப் பகுதிகளுக்கு முன்பே உருவாக்கிய படங்களை வெளியிடுகிறது. படிக்கத் தெரிந்த பிறகு, எவ்வாறு உருவாக்குவது என்பதைக் கற்றுக்கொள்வது எளிது.

காரணத்தைத் தேடும்போது

நிலம் தாழ்கிறது என்று கண்டவுடன் அதற்குப் புவித்தட்டே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மெக்சிகோ நகரின் சில பகுதிகள் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டரை நெருங்கும் வேகத்தில் தாழ்கின்றன. பழைய ஏரிப்படுகையின் களிமண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதே அதன் மூலம். டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய கபாஷேராவிலும் நிலத்தடி நீர் எடுப்பதால் நிலம் தாழ்வதை ரேடார் காட்டியிருக்கிறது. தாழ்வின் எல்லை வண்டல் படிவத்தின் எல்லையோடு பொருந்துகிறதா, பிளவின் நீளத்தோடு பொருந்துகிறதா என்று வரைபடத்தை அடுக்கிப் பார்ப்பது நல்ல முதல் சோதனை. தாமே ஜி.பி.எஸ். நிறுவ நினைப்பவர்களும் இதையே கவனிக்க வேண்டும். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் கரிசல் மண்ணில் நட்ட தூண் மண்ணின் அசைவையே அளக்கும். ஆன்டெனாவை உறுதியான பாறையில் துளையிட்டுப் பொருத்த வேண்டும்.

காரணம் புவித்தட்டு அசைவுதான் என்று உறுதியானால், அளவை மேலும் ஒரு கணக்குக்குக் கொண்டுசெல்லலாம். சுமார் 150 கி.மீ. நீளமும் 50 கி.மீ. அகலமும் உள்ள பிளவு சராசரியாக 3 மீட்டர் சறுக்கியது என்று கொண்டு, பாறையின் விறைப்புக் குணகம் 30 கிகாபாஸ்கல் என எடுத்துப் பெருக்கினால், 7.8 அளவுள்ள நிலநடுக்கத்துக்குரிய திருப்புத்திறன் (நிலநடுக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் மதிப்பு) கிடைக்கும். கோர்க்காவில் நேர்ந்தது ஏறத்தாழ இதுதான். அந்த 3 மீட்டர் சேர, ஆண்டுக்கு 18 மி.மீ. வீதம் ஏறக்குறைய 170 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இதே கணக்கைக் கோர்க்காவுக்கு மேற்கே போட்டால் எண் பெரிதாகிறது. மேற்கு நேபாளத்தில் கடைசியாகப் பெரும் நிலநடுக்கம் நேர்ந்ததாக அறியப்படுவது 1505 ஜூன் மாதம். அன்று முதல் 2015 வரையிலான 510 ஆண்டுகளை 18 மி.மீ.யால் பெருக்கினால் 9 மீட்டருக்கும் சற்று அதிகம். இந்த எண்ணைக் கையாளும்போது மிகுந்த பொறுப்பு வேண்டும். இவ்வளவு சறுக்கம் நிலுவையில் இருக்கக்கூடும் என்ற மேல்வரம்பே இது; சிறு நிலநடுக்கங்களில் ஒரு பகுதி கழிந்திருக்கலாம், ஒரு பகுதி மலையாகவே நிலைத்திருக்கலாம், நிலுவை முழுவதும் ஒரே தடவையில் கழிய வேண்டும் என்ற நியதியும் இல்லை. எந்த நாளில் என்பதை இந்த அளவீடுகளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 2015-இல் சறுக்கம் காட்மண்டுவின் கீழேயே நின்றுவிட்டது. அங்கிருந்து தெற்கே மலையடிவாரம் வரையுள்ள பிளவின் ஆழமற்ற பகுதி அன்று அசையவில்லை. அந்தப் பகுதி பூட்டியே இருக்கிறதா, மெல்ல ஊர்கிறதா என்பதைக் காகனியோடு தெற்கு நேபாளத்தின் சமவெளி நிலையங்களையும் பதிவிறக்கி, 2015-க்குப் பிந்தைய தூரத் தொடர்களை வரைந்து நீங்களே தேடத் தொடங்கலாம்.